மூன்று கிளாஸில் ஒன்று

"ஆறு மணிக்கு என் மச்சினன் வரான். கையில கிளாஸ் பெட்டியோட வரான். உன் மூக்கைப் பரிசோதிச்சே ஆகணுமாம்" என்றார் தையற்காரர் போனில். துக்கம் சொல்கிற குரல்.

மூக்கர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி அப்போதே நாலேகால்.

மூக்கர் என்பது பட்டப்பெயர். சோப்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வாசனை பார்க்கும் வேலை. எந்தத் தொட்டியில் எந்த எண்ணெய் ஒரு கரண்டி கூடிப்போனது என்று வாசற்படியிலேயே நின்று சொல்லிவிடுவார். முதலாளி வைத்த பேர் தெருவுக்கு வந்து, பிறகு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கேஸ்காரன் போன் செய்தால் அவர் மனைவியே "ஆமாம்ப்பா, மூக்கர் வீடுதான்" என்பாள்.

பதினைந்து வருஷமாக மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் மூன்று பேர் கூடுவார்கள். ஒருவர் தையற்காரர். இன்னொருவர் கல்லூரி ரசாயனக்கூடத்தில் உதவியாளராக இருந்தவர், எல்லோருக்கும் லேப்காரர். லேப்காரர் விஸ்கியைப் பீக்கரில்தான் குடிப்பார். கோடு போட்ட, நூறு மில்லி பீக்கர். ஒரு சொட்டான் வைத்திருப்பார். அதில் எண்ணி ஒன்பது சொட்டுத் தண்ணீர் விடுவார். பத்தாவது சொட்டு விழுந்துவிட்டால் அன்றைக்கு அவர் முகம் சரியாக இருக்காது. தையற்காரருக்கு எவர்சில்வர் டம்ளர். "உதட்டுல பட்டதும் சில்லுனு இருக்கணும்யா. கண்ணாடியில குடிச்சா கல்யாண வீட்டுல கலர் குடிக்கிற மாதிரி இருக்கு" என்பார். பீக்கரில் ருசி தங்குமா, டம்ளரில் ருசி மாறுமா என்று இருவரும் பதினைந்து வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். தீர்ப்புச் சொல்பவர் மூக்கர். அவருக்கென்று காம்பு வைத்த, வாய் குறுகிய ஒரு கிளாஸ் உண்டு. ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் கொடுத்தது.

இதில் இரண்டு வருஷமாக ஒரு சிக்கல். மூக்கருக்கு மூக்கு வேலை செய்யவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. நெஞ்சுக்கு இறங்கி, அங்கேயும் சும்மா இராமல் ஈரல் வரை போய், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் போட்டது. பிழைத்து வீட்டுக்கு வந்து, குளியலறையில் சோப்பைக் கையில் எடுத்தார். வாசனையே இல்லை. போலி சோப்பு என்று நினைத்துக் கடைக்காரனைத் திட்டினார். மறுநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து நாற்றம் தெரு வரைக்கும் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தபோது மூக்கர் அடுப்புக்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. மூக்கு இல்லாத மூக்கருக்கு அந்த மேஜையில் என்ன வேலை? பிள்ளைகள் வெளியூர், வேலை முடிந்துவிட்டது, மிச்சம் இருப்பது இந்தச் சனிக்கிழமையும் இந்த இரண்டு பேரும்தான். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்கு நிஜமாகவே பயம்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி ஓர் உலக அதிசயத்தைச் செய்தாள். "குடியா? இனிமே இந்த வீட்டுலயா?" என்று கேட்பாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவளோ, "டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன். மாசத்துக்கு ஒரு சாயங்காலம், ஆளுக்கு ரெண்டு கிளாஸ். பாட்டில் என் பீரோவுல இருக்கும். நான்தான் எடுத்துத் தருவேன்" என்றுவிட்டாள். மூக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து நன்றிக்கடனாகத் துணி மடிக்கிற வேலையை அவரே செய்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை கிளாஸை மூக்கருகே வைத்து ஒரு முழு நிமிஷம் மோந்தார். ஒன்றும் தெரியவில்லை. "தேன்" என்றார் துணிந்து. "ஓரத்துல கொஞ்சம் மிளகு." தையற்காரரும் லேப்காரரும் அவரவர் பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு லேப்காரர், "ஆமாம்ப்பா. தேன்தான்" என்றார். வாசலில் நின்றிருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பாடா என்று ஒரு வாய் குடித்தார் மூக்கர். தொண்டையில் சுருக்கென்று ஓர் எரிச்சல் இறங்கியது. அது ஒன்றாவது மிச்சம் இருக்கிறதே என்று கடவுளுக்கு நன்றி சொன்னார்.

அப்படியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். உடம்புகூட முன்னைக்கு இப்போது தேவலை. இரண்டாவது கிளாஸ் முடிந்ததும் வழக்கம்போலப் பாட்டுப் பாடுவார். ஆனால் மறுநாள் தலைவலி என்பதே கிடையாது, வயிறும் லேசாக இருக்கும். "பாருங்கய்யா, நல்ல சரக்குன்னா இப்படித்தான்" என்று நண்பர்களிடம் சொல்வார். அவர்கள் தலையை ஆட்டுவார்கள்.

இப்போது இந்த மச்சினன். ஓட்டல்களுக்குக் கிளாஸ் விற்கிறவன். ஊர் ஊராகப் போய், "கிளாஸ் சரியா இருந்தா ருசியில இம்மி வித்தியாசம்கூடத் தப்பாது" என்று பேசியே பிழைக்கிறவன்.

மூக்கர் தையற்காரருக்குத் திரும்பப் போன் போட்டார். தும்மினார். "எனக்குப் பயங்கர ஜலதோஷம்."

"ஜலதோஷமா? ரொம்ப சந்தோஷம்!" என்றார் தையற்காரர்.

"என்னது?"

"இல்ல, உடம்பைப் பாத்துக்கன்னேன். வேணாம்னு அவன்கிட்ட சொல்லிடறேன்."

ஆனால் மச்சினன் போனைப் பிடுங்கிவிட்டான். "சார்! ஜலதோஷம் எல்லாம் ஒரு விஷயமா? என் பெட்டியில ஆவி பிடிக்கிற மெஷின் இருக்கு. பத்து நிமிஷத்துல தொறந்துடும். நான் பாத்துக்கறேன்!"

இந்தப் பேச்சைச் சமையலறையிலிருந்து மனைவி கேட்டுவிட்டாள். "ஜலதோஷமா? சொல்லவே இல்லையே" என்று தைல பாட்டிலோடு வந்து, மூக்கு, நெற்றி, கழுத்து, நெஞ்சு என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வீடு முழுக்கத் தைலம் மணக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

ஆறு மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். மச்சினன் வந்ததும் வராததுமாக மெஷினைச் செருகி, மூக்கரின் தலையில் ஒரு போர்வையைப் போட்டு மூடினான். உள்ளே மூக்கர் வெந்தார். பத்து நிமிஷம் கழித்து, "எப்படி இருக்கு சார்?" என்றான். "இன்னும் கொஞ்சம் அடைப்பு—" என்று ஆரம்பித்தார். "அப்போ இன்னொரு பத்து நிமிஷம்!" என்று போர்வையை மறுபடி இழுத்தான்.

"சரியாப் போச்சு! சுத்தமா சரியாப் போச்சு!" என்று கத்தினார் மூக்கர் உள்ளிருந்து.

இருந்த ஒரே சாக்கும் போயிற்று.

மச்சினன் பெட்டியைத் திறந்து ஒரே மாதிரி மூன்று கிளாஸ்களை வெளியே எடுத்தான். அடி கனத்த, வாய் ஒடுங்கிய கிளாஸ்கள். பிறகு பெட்டியின் அடியிலிருந்து ஒரு வெளிநாட்டு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தான். "பதினெட்டு வருஷ சரக்கு! நாக்கு சுத்தமா இருக்கணும்னு நான்கூட இன்னிக்கு இன்னும் ஒரு சொட்டுத் தொடல."

சமையலறை வாசலில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மனைவி குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"விஷயம் சிம்பிள். ரெண்டு கிளாஸ்ல உங்க வீட்டு விஸ்கி. ஒண்ணுல என்னுது. எதுன்னு சார் கண்டுபிடிக்கணும். என் கிளாஸ்ல ஊத்தினா பச்சைக்குழந்தைகூடச் சொல்லிடும்."

"எதுக்கு மாப்ளே இதெல்லாம்? சீட்டாடலாமே" என்றார் தையற்காரர்.

"இது விஞ்ஞானப்படி சரியான சோதனை இல்ல. குறைஞ்சது நாப்பது தடவை பண்ணணும்" என்றார் லேப்காரர். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

"வேணும்னா நான் குடிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றார் தையற்காரர் மறுபடியும்.

மூக்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சுருக்கென்றது. இவர்களுக்கே என் மேல் நம்பிக்கை போய்விட்டதா? பதினைந்து வருஷம் தீர்ப்புக் கேட்டவர்கள், இன்று நான் தோற்றுவிடுவேன் என்று காப்பாற்றப் பார்க்கிறார்களா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்யா தடுக்கறீங்க? வைக்கட்டுமே! ஒண்ணு என்ன, பத்து கிளாஸ் வைக்கச் சொல்லுங்க!" என்றார். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து அவரே மடியில் விட்டுக்கொண்டாயிற்று.

மச்சினன் வீட்டு பாட்டிலையும் தன் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். தட்டில் கிளாஸ்களை வரிசையாக வைத்து ஊற்றினான். ஊற்றுகிறபோதும் வாய் ஓயவில்லை. "வீடெல்லாம் தைல நாத்தம் சார், எனக்கே ஒண்ணும் தெரியல" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தான்.

மூக்கர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனார். மனைவி மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். ஒவ்வொரு கிளாஸாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நடுக் கிளாஸ் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அதுதான் வெளிநாடு! கிளாஸ்களின் அடியில் கம்பெனி ஸ்டிக்கர் வட்டமாக ஒட்டியிருந்தது. நடுக் கிளாஸின் ஸ்டிக்கரை மட்டும் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டிக்கர் இல்லாத கிளாஸ் எதுவோ அதுதான் விடை. தொழிற்சாலையில் ஒருநாள்கூட ஏமாற்றாதவர் அறுபத்துநாலாவது வயதில் ஏமாற்றுகிறோமே என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வெளியே வரும்போது நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது.

அவர் வந்து உட்கார்ந்ததும் தையற்காரர் எழுந்தார். "எனக்கும் தாகமா இருக்கு." உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு லேப்காரரைப் பார்த்தார். லேப்காரர் பெருமூச்சு விட்டார்.

சற்று நேரத்தில் மனைவி தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

மூக்கர் முதல் கிளாஸைத் தூக்கி ஓரக்கண்ணால் அடியைப் பார்த்தார். ஸ்டிக்கர் இல்லை. நடுக் கிளாஸ், இல்லை. மூன்றாவது, அதிலும் இல்லை.

"ஸ்டிக்கர்..." என்றார் தன்னை மீறி.

"அதுவா? ரெண்டுல ஒட்டியிருந்துச்சு. ஸ்டிக்கரோடவா குடிப்பாங்க? நகத்தால சுரண்டி எடுத்துட்டேன்" என்றாள் மனைவி.

மூக்கரின் காதுக்குள் கொய்யென்றது. சரி, நிறம் இருக்கிறதே என்று மூன்றையும் விளக்குக்கு நேராகப் பிடித்தார். மூன்றும் ஒரே நிறம். முன்பு பார்த்த வெளுப்பு எங்கே போயிற்று? மறுபடி பார்த்தார். அச்சு அசலாக ஒரே நிறம்தான்.

மூக்கர் நேரத்தைக் கடத்துவதற்காக ஒவ்வொரு கிளாஸையும் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் குடித்தார். மூன்றிலும் அதே சுருக்கென்ற எரிச்சல். அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. இந்தப் பயல் கிளாஸ் விற்கிறவன். கடைசியில் யாருக்கும் தெரியாமல் மாற்றி ஊற்றி வித்தை காட்டுகிறான்!

கிளாஸைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, யார்கிட்ட விளையாடறீங்க? மூணும் ஒண்ணுதான். மூணும் எங்க வீட்டு விஸ்கி."

தையற்காரரின் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் நழுவி உருண்டது.

"இல்ல சார்! நடுவுல இருக்கறது என்னுது. என் கையால ஊத்தினேன்!" மச்சினன் நடுக் கிளாஸை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். அவன் முகம் கோணியது. மற்ற இரண்டையும் குடித்தான். "என்ன மாமா இது, கருமம்—"

தையற்காரர் அவன் காலை மிதித்தார். அலறியவனைத் தோளில் கைபோட்டு பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையற்காரரின் கைகள் மட்டும் ஆடின. மச்சினன் முதலில் இடுப்பில் கைவைத்து நின்றான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

திரும்பி வந்தபோது அவன் வேறு ஆள். மூக்கரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க சார். நீங்க சொன்னதுதான் சரி. மூணும் ஒண்ணுதான். இந்த மாதிரி ஒரு வீட்டை நான் பாத்ததே இல்ல." கொண்டுவந்த வெளிநாட்டு பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். மூன்று கிளாஸ்களையும் மூக்கர் பக்கம் நகர்த்தினான். "இது உங்களுக்கு. காசு வேணாம்."

லேப்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ரசாயனக்கூடத்தில் அமிலம் தெறித்தபோதுகூட அழாத மனுஷன்.

"ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு, உனக்குத் தெரியுமா தெரியாதான்னு. இன்னிக்குத் தெளிஞ்சுது. எல்லாம் தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலையேப்பா. எங்க மனசு நோகக் கூடாதுன்னு நீயும் தேன்னு சொல்லி, மிளகுன்னு சொல்லி, பாட்டு வேற பாடி..."

"பெரிய மனுஷன்யா நீ" என்றார் தையற்காரர்.

இவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று மூக்கருக்கு விளங்கவில்லை. பீக்கரிலும் டம்ளரிலும் குடித்துவிட்டு இவர்கள் ருசியைப் பற்றித் தப்பும் தவறுமாகப் பேசுவதைத் திருத்தாமல் விட்டதைச் சொல்கிறார்களோ? எதுவானாலும் அந்தப் பாராட்டு அவரைச் சுட்டது. சட்டைப் பையில் ஸ்டிக்கர் இருந்தது. எதிரே பதினைந்து வருஷச் சிநேகிதர்கள் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள். இனிமேல் முடியாது.

ஸ்டிக்கரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எனக்கு வாசனையே தெரியாதுய்யா. காய்ச்சல் வந்ததுலேர்ந்து ஒண்ணுமே தெரியாது. ரெண்டு வருஷமா உங்களை ஏமாத்திட்டிருக்கேன்."

பால்கனிக் கதவு காற்றில் மெல்ல ஆடியது.

"அப்போ மூணும் ஒண்ணுன்னு எப்படிச் சொன்னே?" என்றார் லேப்காரர் மெதுவாக.

"கலரைப் பாத்து."

"முதல் நாள் தேன்னியே?"

"வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

தையற்காரரும் லேப்காரரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வையை மூக்கர் அதுவரை பார்த்ததில்லை. கோபம்தான் என்று முடிவு செய்துகொண்டார். கம்பெனி கொடுத்த காம்பு வைத்த கிளாஸை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

"இதை யாராவது எடுத்துக்கங்க. எனக்கு இனிமே எதுக்கு? மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா நீங்க வர மாட்டீங்களோன்னு பயந்துட்டேன். நான் உளறினதை எல்லாம் நம்பிக்கிட்டு, நல்லதோ மட்டமோ, ஊத்தினதைக் குடிச்சுக்கிட்டு, ஒரு மாசம்கூடத் தவறாம வந்தீங்களே, அதுக்கு நான் எந்த ஜென்மத்துல..." மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கும்தான். வேற எந்தப் பொம்பளையும் புருஷனுக்குத் தன் கையால பாட்டில் எடுத்துத் தர மாட்டா."

லேப்காரர் பீக்கரின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி கையிலிருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அப்படின்னா, சொட்டுக்கூடத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து நான் காய்ச்சி ஊத்தற இஞ்சித் தண்ணியை, இவங்க ரெண்டு பேரும் உங்களுக்காக முகம் சுளிக்காமக் குடிச்சிட்டிருக்கறது இன்னிவரைக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாதா?"